ஒரு கடையில் டிவியை அணைத்தால் எல்லாக் கடையிலும் படம் நிற்பது ஏன்? – வாசகர் கேள்வி பதில்

கேள்வி: அக்கா, எபேனில் எங்கள் தலைமை அலுவலகம். மொரீஷியஸ் முழுக்க 11 கடைகள். எல்லாக் கடையும் டிஎம்விபிஎன் (கிளைகளை இணையத்தின் மேல் மறையாக்கத்தோடு இணைக்கும் தனி வலை) வழியாக எபேனில் உள்ள ஹப்போடு (நடு ரவுட்டர்) பேசுகின்றன. கடைகளில் ஓடும் விளம்பர வீடியோவை 239.10.1.1 என்ற முகவரியில் மல்டிகாஸ்டாக (ஒரே ஓட்டத்தைக் கேட்பவர்கள் எல்லாருக்கும் சேர்த்து அனுப்பும் முறை) அனுப்புகிறோம். ஏதோ ஒரு கடையில் டிவியை அணைத்தால் மற்ற கடைகளிலும் படம் நின்றுவிடுகிறது. சில தடவை அஞ்சு விநாடி, சில தடவை அரை நிமிடம். சில தடவை ஒன்றுமே ஆவதில்லை. லைன் கொடுத்த கம்பெனிக்காரர்கள் 'எங்கள் பக்கம் எல்லாம் சரி' என்கிறார்கள். பேய் பிடித்த மாதிரி இருக்கிறது.
– வாசகர், கத்ர் போர்ன்

பதில்: பேயும் இல்லை, பிசாசும் இல்லை தம்பி. லைன்காரர்கள் சொல்வதும் உண்மைதான். உங்கள் ஹப் ரவுட்டரில் ஒரு வரி விடுபட்டிருக்கிறது. வரியை மட்டும் சொல்லிவிட்டால் அடுத்த மாதம் வேறொரு பேயோடு வருவீர்கள். அதனால் கொஞ்சம் விலாவாரியாகவே சொல்கிறேன்.

இதே பேய் என்னையும் பல நாள் ஆட்டி வைத்தது. 2019ல் ரோட்ரிக்ஸ் தீவுக்குக் கடலடிக் கேபிள் வந்தது. அதன்பிறகு நான் அப்போது வேலை பார்த்த இடத்தில் போர்ட் மாத்யூரின் கிளையையும் விபிஎன்னில் சேர்த்தோம். கிளைகளின் டிவியில் விலைப்பட்டியலும் அறிவிப்பும் ஓடும். போர்ட் மாத்யூரினில் இருந்த பெண் தினமும் சாயங்காலம் போன் செய்வாள்: "மதாம், படம் போய்விட்டது." நான் ரவுட்டருக்குள் நுழைந்து பார்ப்பதற்குள் "வந்துவிட்டது" என்பாள். எனக்கு எரிச்சல். ஏறக்குறைய 700 கிலோமீட்டர் கடலுக்கு அடியில் போகிற கம்பியைச் சந்தேகப்படுவதா, அவளுடைய டிவியைச் சந்தேகப்படுவதா?

கடைசியில், "படம் போகிற நேரத்தை ஒரு நோட்டில் எழுதி வை" என்றேன். நாலு நாள் எழுதினாள். 5:34, 5:33, 5:36, 5:34. கம்பி கோளாறு செய்தால் இப்படிக் கடிகாரம் பார்த்துச் செய்யாது. அந்த நேரத்தில் எங்கோ ஒரு மனிதன் ஏதோ செய்கிறான் என்று அப்போதே புரிந்துவிட்டது. யார், எங்கே என்பதுதான் தெரியவில்லை.

அடுத்த நாள் வேறு வேலையாக, பழைய ஸ்விட்ச் ஒன்றை மாற்ற, க்யூர்ப்பீப் கிளையில் இருந்தேன். வேலை முடிந்து, கத்தோ பிமா இரண்டைக் கடித்துக்கொண்டு டீ குடிக்கிறேன். (நம் பருப்பு வடையின் தம்பிதான் அது, ஊரில் இருப்பவர்களுக்காகச் சொல்கிறேன்.) ஐந்தரை தாண்டியதும் காவலாளி வந்தார். விளக்குகளை அணைத்தார். டிவிக்குப் பின்னால் குனிந்து, செட்டாப் பாக்ஸின் பிளக்கைப் பிடுங்கினார். நான் ஸ்க்ரூடிரைவர்களைப் பையில் அடுக்கிக்கொண்டிருக்கும்போது போன் அடித்தது. போர்ட் மாத்யூரின். "மதாம், படம் போய்விட்டது." மணியைப் பார்த்தேன், 5:34.

பிளக் பிடுங்கியதற்கும் படம் போனதற்கும் நடுவே மூன்று நிமிடம். அந்த இடைவெளிதான் இத்தனை நாளும் எங்களை ஏமாற்றியது. ரிமோட்டில் சேனலை மாற்றினாலோ அணைத்தாலோ பாக்ஸ் தன் ரவுட்டரிடம் 'நான் கிளம்புகிறேன்' என்று ஐஜிஎம்பி மொழியில் சொல்லும். ரவுட்டர் 'வேறு யாராவது பார்க்கிறீர்களா?' என்று இரண்டு விநாடிக்குள் கேட்டு முடித்துவிடும். பிளக்கைப் பிடுங்கினால் சொல்லிக்கொள்ளாமல் போகிற கதை. ஐஜிஎம்பி விதிப்படி ரவுட்டர் 125 விநாடிக்கு ஒரு தடவை பொதுவாக விசாரிக்கும். கடைசியாகப் பதில் வந்த நேரத்திலிருந்து 260 விநாடி ஆகியும் சத்தமே இல்லை என்றால்தான் ஆள் இல்லை என்று முடிவு கட்டும். ஆக, பிளக் பிடுங்கியபின் ஏறக்குறைய இரண்டே கால் நிமிடத்திலிருந்து நாலே கால் நிமிடம் வரை எப்போது வேண்டுமானாலும் இது நடக்கும். காவலாளி அதற்குள் வாசலைப் பூட்டிவிட்டுப் போயிருப்பார். அவரையும் ரோட்ரிக்ஸ் டிவியையும் யார் முடிச்சுப்போட்டுப் பார்ப்பார்கள்?

சரி, ஆள் இல்லை என்று க்யூர்ப்பீப் ரவுட்டர் முடிவு கட்டிவிட்டது. அப்புறம் ஹப்புக்கு 'எனக்கு இந்த வீடியோ போதும்' என்று ஒரு ப்ரூன் அனுப்பும். மல்டிகாஸ்டுக்காக ரவுட்டர்கள் தங்களுக்குள் பேசும் பிம் என்ற மொழியில் 'போதும்' என்பது ப்ரூன், 'வேணும்' என்பது ஜாயின். இங்கேதான் விஷயம்.

ஏழு கறிச் சாப்பாட்டுப் பந்தியை நினைத்துக்கொள்ளுங்கள். பரிமாறுகிறவர் சாம்பார் வாளியோடு நிற்கிறார். ஒருவர் 'போதும்' என்று கையைக் காட்டுகிறார். பக்கத்து இலைக்காரருக்கு அது காதில் விழுகிறது. 'இருங்க இருங்க, எனக்கு வேணும்' என்று சத்தம் போடுகிறார். வாளி நிற்கிறது. பிம் விதிகள் இந்தப் பந்தியை மனத்தில் வைத்து எழுதப்பட்டவை. ஒரே ஈதர்நெட்டில் நாலு ரவுட்டர் இருந்தால் ஒன்று அனுப்பும் ப்ரூன் மற்ற மூன்றுக்கும் கேட்கும். வேண்டியவர் உடனே ஜாயின் அனுப்பி மறுப்பார். அந்த மறுப்புக்காகத்தான் மேலே இருக்கும் ரவுட்டர் 3 விநாடி பொறுக்கிறது. பிம்முக்கான விதிநூலான ஆர்எஃப்சி 7761லும் இதுதான் வழக்கமான அளவு.

ஹப்-அண்ட்-ஸ்போக்கில் (நடுவே ஹப், சுற்றிலும் ஸ்போக் என்னும் கிளைகள்) பந்தி இல்லை. ஒவ்வொருவரும் தனித்தனி அறையில் உட்கார்ந்து சாப்பிடுகிறார்கள். ஆனால் உங்கள் ஹப்பின் எம்ஜிஆர்இ டனல் (எல்லாக் கிளைக்கும் போகும் பொதுப் பாதை) ஒரே இன்டர்ஃபேஸ், அதாவது ஒரே வாசல். அதனால் எல்லாரும் ஒரே வரிசையில் இருப்பதாக ஹப் நினைத்துக்கொள்கிறது. க்யூர்ப்பீப் சொன்ன 'போதும்' ரோட்ரிக்ஸுக்குக் கேட்கவே கேட்காது. ஹப் 3 விநாடி காத்திருக்கும், மறுப்பு வராது, வாளியைத் தூக்கிக்கொண்டு போய்விடும். மொத்த டனலுக்கும் வீடியோ கட்.

பிறகு எப்படித் திரும்பி வருகிறது? ஒவ்வொரு கிளை ரவுட்டரும் 60 விநாடிக்கு ஒரு தடவை 'எனக்கு வேணும்' என்று பழக்கத்தில் ஜாயின் அனுப்பிக்கொண்டே இருக்கும். யாராவது ஒருவருடைய ஜாயின் வந்தால் போதும், ஹப் டனலைத் திறந்துவிடும், எல்லாருக்கும் படம் வந்துவிடும். உங்கள் 'அஞ்சு விநாடி, அரை நிமிடம்' புதிருக்கு விடை இதுதான். பத்துக் கடை பார்த்துக்கொண்டிருந்தால் அவற்றில் ஒன்றின் ஜாயின் சீக்கிரம் வந்து விழும். அந்த 3 விநாடிக்குள்ளேயே விழுந்துவிட்டால் ஒன்றுமே ஆகாது. ராத்திரி இரண்டே கடை திறந்திருந்தால் இன்னொன்றின் முறை வரும்வரை காத்திருக்க வேண்டும். எங்களுக்குச் சாயங்காலம் மிஞ்சியது ரோட்ரிக்ஸ் மட்டும்தான். அதனால்தான் அந்தப் பெண்ணுக்கு ஏறக்குறைய ஒரு நிமிடம் வரை கறுப்புத் திரை.

இப்போது அந்த ஒரு வரி. சிஸ்கோ ரவுட்டரென்றால் ஹப்பின் டனல் இன்டர்ஃபேஸில் 'ஐபி பிம் என்பிஎம்ஏ-மோட்'. அவ்வளவுதான். இதைப் போட்டதும் ஹப் டனலை ஒரே வரிசையாகப் பார்ப்பதை விட்டுவிட்டு, கிளை கிளையாகக் கணக்கு வைக்கத் தொடங்கும். 'ஷோ ஐபி எம்ரூட்' அடித்துப் பாருங்கள். முன்பு வெளியேறும் பட்டியலில் மொட்டையாக 'டனல்0' என்று ஒரு வரி இருக்கும். இப்போது 'டனல்0, 10.20.0.4', 'டனல்0, 10.20.0.7' என்று கேட்ட கிளை ஒவ்வொன்றுக்கும் ஒரு வரி. ஒருவர் ப்ரூன் அனுப்பினால் அவர் வரி மட்டும் போகும். இந்த மாற்றத்தைக் கடை மூடியபின் செய்யுங்கள், போடும்போது படம் ஒரு தடவை விக்கலாம்.

இன்னொரு லாபமும் இருக்கிறது. வரி இல்லாதபோது ஒரு கடை கேட்டாலும் ஹப் பதிவாகியிருக்கும் எல்லாக் கடைக்கும் நகல் எடுத்து அனுப்பிக்கொண்டிருந்தது. டிவியே இல்லாத கிடங்குக்கும் சேர்த்து. வரி போட்டபின் கேட்டவர்களுக்கு மட்டும்.

ஆனால் ஒன்றை மறந்துவிடாதீர்கள். ஈதர்நெட்டில் மல்டிகாஸ்ட் என்றால் ஒரு நகல். விபிஎன் ஹப்பில் மல்டிகாஸ்ட் என்றால் கேட்கும் கிளைக்கு ஒரு நகல். ஒவ்வொன்றும் தனித்தனியாக மறையாக்கம் செய்யப்பட்டு எபேன் லைனில் வெளியே போகிறது. வீடியோ 4 எம்பிபிஎஸ் என்றால் 11 கடைக்கு 44. ஐபி, ஜிஆர்இ, ஐபிசெக் தலைப்புகளுக்காக ஏழெட்டு விழுக்காடு சேர்த்தால் 47, 48. எபேனிலிருந்து வெளியே போகும் வேகம் 50 என்றால் கல்லாப்பெட்டி கணினிகள் மூச்சு முட்டும்.

என்பிஎம்ஏ-மோட் பிம்மின் ஸ்பார்ஸ் மோடில்தான் (கேட்டவருக்கு மட்டும் அனுப்பும் முறை) வேலை செய்யும். ஆர்பி (அனுப்புகிறவரும் கேட்பவரும் சந்திக்கும் ரவுட்டர்) முகவரியை ஹப்பின் லூப்பேக்கில் (ரவுட்டருக்குள் இருக்கும் கற்பனை இன்டர்ஃபேஸ்) வைத்து, எல்லா ரவுட்டரிலும் கையால் எழுதிவிடுங்கள். ஆட்டோ-ஆர்பி வேண்டாம், அது டென்ஸ் மோடை (கேட்காதவருக்கும் அனுப்பும் முறை) உள்ளே இழுத்துக்கொண்டு வரும். கிளைகளின் டனலில் டிஆர் ப்ரையாரிட்டியை (வரிசைக்குப் பொறுப்பான ரவுட்டரைத் தேர்ந்தெடுக்கும் முன்னுரிமை எண்) 0 ஆக வையுங்கள். இல்லாவிட்டால் பெரிய ஐபி எண் வைத்திருக்கும் ஏதோ ஒரு கடை ரவுட்டர் தன்னை நாட்டாமையாக நினைத்துக்கொள்ளும். நாம் ஹப்புக்கு எப்போதும் .1 கொடுப்போம், அதனால் தேர்தலில் அதுதான் தோற்கும்.

என் சொந்த அபிப்பிராயத்தையும் சொல்லிவிடுகிறேன். ஒரே விளம்பரம் திரும்பத் திரும்ப ஓடுவதற்கு மல்டிகாஸ்டே தேவையில்லை. கடைக்கு ஒரு சின்னப் பெட்டி வாங்கி, ராத்திரியில் வீடியோ ஃபைலை அனுப்பிவைத்தால் பகலெல்லாம் அதுவே ஓட்டிக்கொள்ளும். நேரலை இருந்தால்தான் இத்தனை பாடு படுவதில் அர்த்தம் இருக்கிறது.

*

கேள்வி: எங்கள் ஹப் ஜோஹன்னஸ்பர்க்கில். டர்பன் கிடங்கில் உள்ள கேமரா மல்டிகாஸ்டில் அனுப்புகிறது. அதைப் பீட்டர்மாரிட்ஸ்பர்க் அலுவலகத்தில் பார்க்க வேண்டும். இரண்டுமே ஸ்போக். படம் ஒரு விநாடி வந்து அப்படியே உறைந்துவிடுகிறது. ஹப்பிலிருந்து பார்த்தால் அருமையாக ஓடுகிறது. கிளைகளுக்கிடையே நேர்ப்பாதை வைத்திருக்கிறோம், பிங் நேராகப் போகிறது.
– வாசகர், சாட்ஸ்வொர்த், டர்பன்

பதில்: பிங் நேராகப் போகிறது என்று நீங்கள் பெருமையாகச் சொன்னதில்தான் வில்லங்கம் இருக்கிறது. டிஎம்விபிஎன்னில் கிளைக்குக் கிளை நேர்ப்பாதை யூனிகாஸ்டுக்கு (ஒருவர் ஒருவருக்கு மட்டும் அனுப்புவது) மட்டும்தான். பிம் உறவு கிளைக்கும் ஹப்புக்கும் மட்டும், கிளையும் கிளையும் பிம்மில் அண்டை வீட்டார் இல்லை.

முதல் பாக்கெட் ஆர்பியாகிய ஹப் வழியாக பீட்டர்மாரிட்ஸ்பர்க் வந்து சேர்கிறது. உடனே அந்த ரவுட்டர், 'அனுப்புகிறவர் யாரென்று தெரிந்துவிட்டது, இனி குறுக்கு வழியில் வாங்கிக்கொள்வோம்' என்று மாறப் பார்க்கும். சிஸ்கோவில் முதல் பாக்கெட்டிலேயே மாறுவதுதான் இயல்பு. ரவுட்டிங் டேபிள் டர்பனை நேராகக் காட்டுகிறது. ஆனால் டர்பனிடம் ஜாயின் கேட்க பிம் உறவு இல்லை. இந்த வழியும் இல்லை, அந்த வழியும் இல்லை என்று இரண்டுங்கெட்டானாக நிற்கும். நீங்கள் பார்த்த ஒரு விநாடிப் படம் அந்த முதல் சில பாக்கெட்டுகள்தான்.

எல்லா ஸ்போக்கிலும் 'ஐபி பிம் எஸ்பிடி-த்ரெஷோல்ட் இன்ஃபினிட்டி' போடுங்கள். 'குறுக்கு வழியே தேடாதே, ஹப் வழியாகவே வாங்கு' என்று அர்த்தம். ஹப்பில் மேலே சொன்ன என்பிஎம்ஏ-மோட் இருக்கிறதா என்றும் பாருங்கள். வந்த இன்டர்ஃபேஸ் வழியாகவே மல்டிகாஸ்டைத் திருப்பி அனுப்ப ரவுட்டருக்குத் தடை உண்டு. உங்களுக்கு வருவதும் போவதும் ஒரே டனல். கிளை கிளையாகக் கணக்கு வைத்தால்தான் அந்தத் தடை விலகும்.

இதெல்லாம் செய்தபின் என்ன நடக்கும் தெரியுமா? டர்பனிலிருந்து 80 கிலோமீட்டரில் இருக்கும் பீட்டர்மாரிட்ஸ்பர்க்குக்குப் போக வேண்டிய படம், 500 கிலோமீட்டருக்கு மேல் வடமேற்கே ஜோஹன்னஸ்பர்க் ஏறி இறங்கி வரும். ஹப் லைனில் ஒரு தடவை உள்ளே, ஒரு தடவை வெளியே. பார்ப்பது ஒரே அலுவலகம் என்றால் கேமராவை யூனிகாஸ்டுக்கு மாற்றிவிட்டு, நீங்கள் கஷ்டப்பட்டு வைத்த நேர்ப்பாதையிலேயே எடுத்துக்கொள்ளுங்கள். நான் அதைத்தான் செய்வேன்.

*

கேள்வி: மல்டிகாஸ்ட் சோதனைக்காக மடிக்கணினியில் விஎல்சி வைத்து ஓட்டினேன். அலுவலகத்துக்குள் எல்லாக் கணினியிலும் தெரிகிறது. ஒரு கிளையிலும் தெரியவில்லை. ரவுட்டரைக் குடைந்து குடைந்து அலுத்துவிட்டது.
– வாசகி, ரோஸ் பெல்

பதில்: ரவுட்டரை விட்டுவிடுங்கள். மல்டிகாஸ்ட் பாக்கெட்டுக்கு இயங்குதளம் தானாகக் கொடுக்கும் டிடிஎல் (ரவுட்டருக்கு ரவுட்டர் ஒன்றொன்றாகக் குறையும் ஆயுள் எண்) 1. முதல் ரவுட்டரிலேயே ஆயுள் முடிந்துவிடும். விஎல்சியில் டிடிஎல்லை 16 என்று மாற்றி ஓட்டுங்கள். முகவரியும் 239ல் தொடங்கட்டும். 224.0.0 என்று தொடங்கும் எதையும் ரவுட்டர்கள் தாண்டவிடாது, டிடிஎல் எவ்வளவு இருந்தாலும்.

*

கேள்வி: எல்லாக் கிளையிலும் படம் வருகிறது. ஆனால் கட்டம் கட்டமாக உடைகிறது. டனலில் எம்டியூ (ஒரு பாக்கெட்டின் உச்ச அளவு) 1400, எம்எஸ்எஸ் (அதில் தரவுக்கு மட்டும் உள்ள உச்ச அளவு) 1360 என்று வைத்திருக்கிறோமே?
– வாசகர், மாயேபூர்

பதில்: எம்எஸ்எஸ் டிசிபிக்கு (வந்து சேர்ந்ததா என்று உறுதி செய்துகொண்டு அனுப்பும் முறை) மட்டும். வீடியோ யூடிபியில் (உறுதி கேட்காமல் அனுப்பும் முறை) போகிறது, அதற்கு உங்கள் 1360 செல்லாக்காசு. என்கோடர் (வீடியோவைச் சுருக்கி அனுப்பும் கருவி) எவ்வளவு பெரிய பாக்கெட்டாக அனுப்புகிறது என்று வயர்ஷார்க்கில் (பாக்கெட்டுகளைப் பிடித்துக் காட்டும் மென்பொருள்) பாருங்கள். எம்பெக் ட்ரான்ஸ்போர்ட் ஸ்ட்ரீமில் ஒரு துண்டு 188 பைட். ஏழு துண்டு சேர்த்தால் 1316. யூடிபி, ஐபி தலைப்பு 28 சேர்ந்து 1344. இது 1400க்குள் அழகாக உட்கார்ந்துவிடும். ஆனால் சில மென்பொருள் ஈதர்நெட்டை நிரப்பும் ஆசையில் 1500 வரை அடைத்து அனுப்பும். ஹப் அதை இரண்டாக உடைக்கும். இரண்டில் ஒன்று தொலைந்தாலும் முழுப் பாக்கெட்டும் குப்பை. நிறையக் கிளைகளுக்கு ஒரே நொடியில் நகல் எடுக்கும்போது அந்தத் தொலைதல் நடக்கத்தான் செய்யும். என்கோடரில் 1316 என்று வையுங்கள். அப்படியும் உடைந்தால் ஹப்பில் வெளியேறும் வரிசையில் எத்தனை பாக்கெட் கொட்டுகிறது என்று பார்த்து எனக்கு எழுதுங்கள்.

*

கேள்வி: அக்கா, தைப்பூசத்தன்று மலைக்கோவில் காவடியை ரியூனியன் தீவில் இருக்கும் எங்கள் சொந்தக்காரர்களும் பார்க்கும்படி இணையத்தில் மல்டிகாஸ்ட் செய்ய முடியுமா? ஒரே நகல் போதும் என்கிறார்களே, செலவு குறையுமா?
– வாசகி, கத்ர் போர்ன்

பதில்: முடியாது அம்மா. வீட்டுக்கு வரும் பொது இணையத்தில் நீங்கள் அனுப்பும் மல்டிகாஸ்ட் முதல் வாசலிலேயே நின்றுவிடும். உங்கள் சொந்தக்காரர் வீடு ஒவ்வொன்றுக்கும் விபிஎன் போடுவதென்றால் முதல் கேள்வித் தம்பியின் கதைதான், நகலெல்லாம் உங்கள் வீட்டு லைனிலிருந்துதான் போகும். ஏதாவது ஒரு இலவச நேரலைத் தளத்துக்குக் கைபேசியிலிருந்து ஒரே நகல் அனுப்புங்கள். ஆயிரம் பேருக்கு நகல் எடுப்பது அவர்கள் கவலை.

கைபேசியை மலையடிவாரத்தில் வைக்காமல், படிக்கட்டு திரும்பும் இடத்தில், கூட்டத்துக்குக் கொஞ்சம் மேலே வையுங்கள். காவடிகள் முகம் தெரிய ஏறி வருவது அங்கிருந்துதான் தெரியும். அத்தனை பேரும் போன் வைத்திருப்பதால் அடிவாரத்தில் சிக்னலும் திணறும். இரண்டு நாள் முன்பே போய் ஒரு தடவை சோதித்துப் பாருங்கள். அன்றைக்குக் காலையில் என்னைக் கூப்பிட்டால் எடுக்கமாட்டேன். நானும் பால்குடத்தோடு அதே படியில்தான் இருப்பேன், போன் வீட்டில் இருக்கும்.